சிங்கிள் மால்ட்: முதல் முப்பது மில்லி

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, என் மச்சினன் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி லாஸ்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் பச்சை நிறத்தில் ஓர் உருளை டப்பா. போனஸ் வந்ததாம், வாழ்க்கையில் ஒரு தடவையாவது சிங்கிள் மால்ட் குடித்துப் பார்த்துவிட வேண்டுமாம், புதுச்சேரியில் இறங்கியதும் முதல் வேலையாக க்ளென்ஃபிடிக் பன்னிரண்டு வருஷ பாட்டில் ஒன்றை வாங்கிவிட்டான். ராத்திரி இங்கேயே தங்கல் என்று ஏற்கெனவே பேச்சு.

மொட்டை மாடியில் பாய் விரித்தாயிற்று. சிக்கன் 65, நறுக்கிய வெங்காயம், இரண்டு சோடா, ஒரு கிண்ணம் நிறைய ஐஸ். பெரிய கிளாசில் ஒரு லார்ஜ் ஊற்றி, நாலு கட்டி ஐஸைப் போட்டு, விளிம்பு வரை சோடாவை நிரப்பி மடமடவென்று குடித்தான். இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "என்ன மாமா, இதுக்குப் போய் இவ்ளோ காசா? இந்தக் காசுல பிராந்தி வாங்கியிருந்தா ஒரு மாசம் ஓடியிருக்கும். எனக்கு சோடா வாசனைதான் வருது."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லார்ஜ் என்பது 60 மில்லி, அதில் 40 சதவீதம் ஆல்கஹால், அதாவது 24 மில்லி. அதைச் சோடாவும் ஐஸும் சேர்த்து 240 மில்லியாக ஆக்கினால் கிளாசில் இருப்பது பத்து சதவீதம்தான், கொஞ்சம் ஸ்ட்ராங்கான பீர் அவ்வளவுதான். ஐஸ் நாக்கை மரக்க வைத்துவிட்டது, சிக்கன் 65 மீதி நாக்கைச் சுட்டுவிட்டது. அவன் காசு கொடுத்தது வாசனைக்கு. அந்த வாசனையைத்தான் கவனமாக மூழ்கடித்துக் கொன்றிருக்கிறான். இதையே நானும் என் முதல் பாட்டிலுக்குச் செய்திருக்கிறேன் என்பதால் அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, அதை என் அலமாரியில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னேன். அந்த அடுத்த வாரம் அவனிடம் சொன்னதும், அவன் எனக்குச் சொன்னதும்தான் இந்தக் கட்டுரை. குடிக்காதவர்களைக் குடிக்க வைக்க எழுதவில்லை. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. எப்படியும் குடிக்கிறவர், ஏதோ ஒரு நாள் இந்த பாட்டிலுக்குக் காசு கொடுக்கப் போகிறவர் என்றால் மேலே படியுங்கள்.

சரி, மால்ட் என்றால் என்ன? உங்கள் வீட்டில் குழந்தைக்குக் கூழ் காய்ச்ச கேழ்வரகு முளைகட்டியிருப்பார்கள். ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளையாக வால் விட்டதும் நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து அரைப்பது. அந்த மாவை ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள், சாதா கேழ்வரகு மாவில் இல்லாத ஓர் இனிப்பு இருக்கும். தானியம் முளைக்கும்போது தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும் நொதிகளைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஈஸ்ட் மாவுச்சத்தைத் தின்னாது, சர்க்கரையைத்தான் தின்னும். ஆகவே தானியத்திலிருந்து சாராயம் எடுக்க ஒரு வழி, முதலில் அதை முளைக்க வைப்பது, சரியான நேரத்தில் சூடு காட்டி அந்த முளையை நிறுத்துவது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைப் பார்லியில் செய்கிறார்கள். முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டிருக்கும் மால்ட்டும் இதே சங்கதிதான்.

அந்த மால்ட்டை நொறுக்கி, வெந்நீரில் கலக்கி இனிப்புத் தண்ணீரை இறக்கி, ஈஸ்ட் போட்டு இரண்டு மூன்று நாள் விடுகிறார்கள். நம்மூர்ச் சொல்லில் சொன்னால் ஊறல். அது கிட்டத்தட்ட எட்டு சதவீத ஆல்கஹால் உள்ள பீர் மாதிரி ஒன்றாகும். பிறகு செம்பு அண்டாவில் காய்ச்சி வடிக்கிறார்கள், பெரும்பாலும் இரண்டு தடவை. இரண்டாவது தடவை வடிவதில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், அது எழுபது சதவீதம் பக்கம் இருக்கும், தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல். செம்பு ஏன் என்றால், வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி நாறும் கந்தகச் சேர்மங்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. பித்தளை, செம்புப் பாத்திரத்தின் அருமை தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது "சிங்கிள்". இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள், என் மச்சினன் உள்பட. ஒரே பீப்பாய் என்றோ, எதையும் கலக்காதது என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே வடிசாலை, அவ்வளவுதான். ஒரே இடத்தில், மால்ட் பார்லியை மட்டும் வைத்து, செம்பு அண்டாவில் காய்ச்சியது. அந்த ஒரே வடிசாலையின் எத்தனையோ பீப்பாய்களை ஒன்றாகக் கலந்துதான் நீங்கள் வாங்கும் பாட்டிலை நிரப்புகிறார்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு ருசியில் இருக்கும். ஜானி வாக்கர், டீச்சர்ஸ், பாலன்டைன்ஸ் போன்றவை பிளெண்டட். பல வடிசாலைகளின் மால்ட்டோடு, கோதுமை அல்லது மக்காச்சோளத்திலிருந்து எடுத்த லேசான விஸ்கியும் சேர்ந்தது. அது கூட்டாஞ்சோறு, இது ஒரே வீட்டுச் சமையல். கூட்டாஞ்சோறு மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு வீட்டுக் கைப்பக்குவம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டும்.

ஸ்காட்ச் என்று போட வேண்டுமென்றால் ஸ்காட்லாந்திலேயே காய்ச்சி, அங்கேயே 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் கிடந்திருக்க வேண்டும், பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தண்ணீரும் நிறத்துக்காகச் சாதா கேரமலும் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது. 2009ஆம் வருஷத்துச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தக் கேரமல் அனுமதியைக் கவனியுங்கள். கிளாசை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து "ஆஹா, என்ன பொன்னிறம்" என்று சொல்வதற்குப் பெரிய அர்த்தமில்லை என்பது அதில் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் என்பது பாட்டிலில் கலந்திருப்பதிலேயே ஆகச் சின்னவனின் வயது, மற்றவை அதைவிட மூத்தவையாக இருக்கலாம். பீப்பாயை விட்டு வெளியே வந்ததும் வயது ஏறுவது நின்றுவிடும். எங்கள் சித்தப்பா ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை இருபது வருஷமாக ஷோகேசில், பொம்மைக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவில் வைத்து, "இப்ப இது முப்பத்திரண்டு வருஷ சரக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்துவதில்லை.

பீப்பாய் விஷயம்தான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் பர்பன் விஸ்கி என்றால் உள்பக்கம் கருக்கிய புது ஓக் மரத்தில்தான் ஊற வேண்டும் என்பது சட்டம். ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு அடுத்த பர்பனுக்கு உதவாது. ஸ்காட்லாந்துக்காரர் அதை வாங்கிக்கொள்கிறார். ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயும் அப்படித்தான் வருகிறது. மாங்காய் ஊறுகாய் போட்ட பீங்கான் ஜாடியை எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாது, அதில் அடுத்து எதைப் போட்டாலும் அந்த வாசனை கொஞ்சம் ஏறும் இல்லையா, அந்தக் கதை. பர்பன் பீப்பாயிலிருந்து வெனிலாவும் தேங்காய்க் கொப்பரையும் வரும். ஷெர்ரி பீப்பாயிலிருந்து உலர்திராட்சை, பேரீச்சம்பழம். யாரும் வெனிலா எசன்ஸ் ஊற்றுவதில்லை. ஓக் மரத்தைச் சூடாக்கினால் அதன் லிக்னின் உடைந்து வெனிலின் வருகிறது, ஐஸ்கிரீமில் நமக்குத் தெரிந்த அதே பொருள். கிராம்புக்குக் காரம் தரும் யூஜினாலும் ஓக் மரத்தில் இருக்கிறது. மரத்திலிருந்து கிராம்பு வாசனை வருகிறது என்று யாராவது சொன்னால் அவர் கதை விடவில்லை.

நம்மூர் சரக்குக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம் என்றால் அதற்குக் கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியைப் பார்த்தால் போதும், நெல்லிக்குப்பம் வரும். 1840களிலிருந்து சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையை எடுத்த பிறகு மிச்சம் நிற்கும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். இந்தியாவில் விஸ்கி, பிராந்தி, ரம் என்று வெவ்வேறு பெயரில் விற்கும் மலிவு சரக்கில் பலவற்றுக்கு அடிப்படை அதிலிருந்து வடித்த, வாசனையே இல்லாத சுத்தச் சாராயம்தான். நிறமும் மணமும் பிறகு சேர்க்கப்படுகின்றன. ஐரோப்பாவில் தானியத்திலிருந்து எடுக்காததை விஸ்கி என்று விற்கவே முடியாது. அதனால் நம் ஊரில் நல்ல மால்ட்டே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பெங்களூரின் அம்ருத் பார்லியில் காய்ச்சிய தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தது, கோவாவின் பால் ஜானும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு இரண்டு சதவீதம் ஆவியாகிப் போகும், பெங்களூரில் அது பத்து சதவீதத்தையும் தொடும். நம் வெயிலில் சரக்கு சீக்கிரம் முதிரும், சீக்கிரம் காணாமலும் போகும்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடலாம். விலை கூடினால் கிக் கூடும் என்பது. நம்மூர் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும், கூடவே 75 டிகிரி ப்ரூஃப் என்றும் சில லேபிளில் இருக்கும். பிரிட்டிஷ் காலத்துக் கணக்கில் 100 ப்ரூஃப் என்பது 57.1 சதவீதம், அதில் முக்கால் பங்கு 42.8. வெள்ளைக்காரன் போய் இவ்வளவு வருஷமாகியும் அவன் அளவுகோல் மட்டும் பாட்டிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மச்சினனின் க்ளென்ஃபிடிக் 40 தான். கிக் மட்டும் வேண்டுமென்றால் பிராந்தியே மேல்.

எந்த பாட்டில் வாங்குவது? ஸ்காட்லாந்தில் ஸ்பேசைடு, ஹைலாண்ட், லோலாண்ட், ஐலா, கேம்பல்டவுன் என்று ஐந்து வட்டாரம் சொல்வார்கள். முதல் பாட்டிலுக்கு ஸ்பேசைடு போதும். க்ளென்ஃபிடிக் 12, க்ளென்லிவெட் 12 இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன, இரண்டும் மிருதுவானவை, பழ வாசனை உள்ளவை, சிங்கிள் மால்ட்டிலேயே கைக்கு அடக்கமான விலையில் இருப்பவை. க்ளென் என்றால் பள்ளத்தாக்கு. க்ளென்ஃபிடிக் என்பது மான்களின் பள்ளத்தாக்கு, அதனால்தான் லேபிளில் மான் தலை. க்ளென்லிவெட்டை 1824இல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் உரிமம் வாங்கிக் காய்ச்சினார், அதற்கு முந்தைய வருஷம் சட்டம் மாறும் வரை அந்தப் பள்ளத்தாக்கே திருட்டுச் சாராயத்துக்குப் பேர் போனது. உரிமம் வாங்கியதற்காகப் பக்கத்து ஊர்க்காரர்கள் அவரை மிரட்டினார்களாம்! க்ளென்ஃபிடிக் 1887இல் காய்ச்ச ஆரம்பித்து, 1963இல் சிங்கிள் மால்ட்டை வெளிநாடுகளில் முனைந்து விற்கக் கிளம்பியது. அதுவரை மால்ட் என்றால் பெரும்பாலும் பிளெண்டுக்குப் போகும் சாமான்.

விலை மாதத்துக்கு ஒரு தினுசாக இருக்கிறது, கடைக்குக் கடை வேறு. அதனால் எண் போடவில்லை. ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ஸ்மால் என்பது 30 மில்லி, 750 மில்லி பாட்டிலில் 25 ஸ்மால் இருக்கிறது. ஆள் ஒருவருக்கு ஒரு சாயங்காலத்துக்கு ஒரு ஸ்மால், மிஞ்சினால் இரண்டு. நாலு பேர் சேர்ந்து வாங்கினால் செலவும் நாலாகப் பிரிந்துவிடும். அப்புறம், கடலூர்க்காரர்கள் வாங்கிய பாட்டிலைப் புதுச்சேரி எல்லைக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். முள்ளோடை செக்போஸ்டில் "ருசி பார்க்கத்தான் சார்" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

அடுத்த வாரம் மச்சினன் வந்தபோது சோடாவை உள்ளே விடவில்லை. சிக்கன் 65ஐயும் தடுத்தேன், அதற்குத்தான் முகம் சுண்டிப்போனான். மிளகாயின் காரத்தையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் உணர்வது நாக்கில் இருக்கும் ஒரே வகை ஏற்பிதான், ஒன்றைக் கிளப்பிவிட்டு இன்னொன்றைக் குடித்தால் இரண்டும் சேர்ந்துதான் எரியும். வறுத்த முந்திரி, உப்புப் போடாதது, அது போதும்.

கிளாஸ் முக்கியம். டீ கிளாஸ், ஜூஸ் டம்ளர் எல்லாம் மேலே போகப் போக அகலும், வாசனை வெளியே சிதறிவிடும். மேலே குறுகும் கிளாஸ் வேண்டும். இதற்கென்றே க்ளென்கேர்ன் என்று துலிப் பூ வடிவத்தில் ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் சின்ன ஒயின் கிளாஸ் தாராளம். நம்ப மாட்டீர்கள் என்றால் அதே பதினைந்து மில்லியை ஒரு டீ கிளாசிலும் ஒரு ஒயின் கிளாசிலும் ஊற்றி மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சோதனைதான் அவனை முதலில் நிமிர்ந்து உட்கார வைத்தது.

இப்போது வெப்பம். எல்லோரும் "ரூம் டெம்பரேச்சரில் குடி, ஐஸ் போடாதே" என்கிறார்கள். யாருடைய ரூம்? அங்கே ஒரு வீட்டு அறை பதினெட்டு டிகிரி இருக்கும். எங்கள் மொட்டை மாடியில் மே மாதச் சாயங்காலம் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முதலில் கிளம்பி மூக்கில் குத்தும், பின்னால் வரும் வாசனையை வரவிடாது. நான் செய்வது, பாட்டிலை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பதினைந்து இருபது நிமிஷம் வைத்து எடுப்பது. ரொம்பக் குளிர்ந்து போகக் கூடாது, வெளியே தொட்டால் குடத்துத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தால் சரி. இதை ஸ்காட்லாந்துக்காரர் ஒப்புக்கொள்வாரா என்று கவலைப்பட வேண்டாம், அவர் ஒரு சித்திரையை இங்கே கழித்துவிட்டு வந்து பேசட்டும். ஐஸ் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது, அதிகக் குளிர் வாசனையையே கட்டிப் போட்டுவிடும், உருகிய தண்ணீர் எவ்வளவு சேர்ந்தது என்பதும் நம் கையில் இருக்காது.

முப்பது மில்லி ஊற்றி ஐந்து நிமிஷம் சும்மா வையுங்கள். பிறகு மூக்கு. கிளாசுக்குள் மூக்கை விட்டு ஆழமாக இழுக்காதீர்கள், அது கண்ணில் நீர் வரவைக்கும், வேறொன்றும் தெரியாது. முகவாய்க்குக் கீழே கிளாசைப் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக மேலே கொண்டு வாருங்கள். வாய் திறந்திருந்தால் குத்தல் குறையும். மச்சினன் முதலில் சொன்னது "நெயில் பாலிஷ் மாதிரி இருக்கு". சரியான பதில்தான், எத்தில் அசிடேட் அப்படித்தான் இருக்கும், இரண்டிலும் அது உண்டு. இரண்டாவது தடவை "கேக்". மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் இருந்தான்.

நான் அவசரப்பட்டு, "பேரிக்காய் வருதா பாரு, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றேன்.

"பேரிக்காய்க்கு ஏது மாமா வாசனை?"

உண்மைதானே. நம் மார்க்கெட்டில் கிடைக்கும் நாட்டுப் பேரிக்காயைக் கடித்தால் தண்ணீரும் நறநறப்பும்தான். அவர்கள் சொல்வது நன்றாகப் பழுத்துக் குழைந்த அவர்கள் ஊர்ப் பேரிக்காய். நாம் சாப்பிட்டே பார்க்காத பழத்தின் பெயரைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் நம் மூக்கு சரியில்லை என்றுதான் தோன்றும். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "சீசன்ல பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல பஸ் நின்னா ஜன்னல் வழியா ஒரு வாசனை வரும் பாருங்க, அது லேசா வருது." பலாப்பழம்! நான் எத்தனையோ தடவை இதே விஸ்கியை முகர்ந்திருக்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை, அவன் சொன்ன பிறகு அது தவிர வேறெதுவும் தெரியவில்லை. காரணமும் இருக்கிறது. ஊறலில் ஈஸ்ட் எஸ்டர் என்ற வகைச் சேர்மங்களை உண்டாக்குகிறது, வாழைப்பழத்துக்கு மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட் அதில் ஒன்று. பலாவின் வாசனையும் பெரும்பாலும் எஸ்டர்கள் சேர்ந்து போடும் கச்சேரிதான். அவன் மூக்கு வேதியியலைத்தான் படித்திருக்கிறது, பாடம் நடந்த இடம் பண்ருட்டி.

ஆகவே பாட்டில் அட்டையில் எழுதியிருக்கும் பழப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பனைவெல்லம், கடலைமிட்டாய், கொப்பரை, சுக்கு, புதுப் பாய், மரக்கடை, பழைய பீரோ, கல்யாண வீட்டு ஃப்ரூட் சாலட், இதெல்லாம் செல்லும் சொற்கள்தான்.

முதல் மடக்கு எதையும் சொல்லாது, எரியும். அதற்குக் கணக்கு வேண்டாம். வாய் பழகுவதற்கான மடக்கு அது, சின்னதாக எடுத்து நாக்கு முழுதும் படவிட்டு விழுங்கிவிடுங்கள். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது மடக்கு. இதை வாயில் கொஞ்சம் வைத்திருங்கள், கஷாயம் மாதிரி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், மென்று பார்ப்பது போல. விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுங்கள். விஷயம் முழுக்க அந்த மூச்சில்தான் இருக்கிறது. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இன்னும் ஒன்று. மீதியெல்லாம் வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறிப் போகும் காற்று செய்யும் வேலை. சளி பிடித்தால் ரசம் வெந்நீர் மாதிரி இருப்பது அதனால்தான். நம்பிக்கை வராவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயைக் கடியுங்கள், ஏதோ மரத்துண்டு போல இருக்கும், மூக்கை விடுங்கள், அப்போதுதான் ஏலக்காய் வந்து சேரும்.

மச்சினனுக்கு இரண்டாவது மடக்கில் தேன், பிறகு மர வாசனை, கடைசியில் தொண்டையில் லேசாகக் கசப்பு. எனக்குப் பார்லி வந்தது, முளைகட்டிய மாவை வறுக்கும்போது வருமே அது. பிறகு தண்ணீர். சொட்டு மருந்து மாதிரி நாலு சொட்டு விட்டு முகருங்கள், அப்புறம் ஒரு டீஸ்பூன். முப்பது மில்லியில் ஐந்து மில்லி தண்ணீர் சேர்ந்தால் 40 சதவீதம் 34 ஆகிவிடும், எரிச்சல் தணிந்து பழ வாசனை முன்னே வரும். தண்ணீர் விட்டால் ருசி கெடும் என்று மீசை முறுக்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன், 2017இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் கணினியில் கணக்கு போட்டுப் பார்த்து, தண்ணீர் சேர்க்கும்போது விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற சேர்மம் மேற்பரப்புக்கு வருகிறது என்று எழுதினார்கள். ராவாக அடிப்பதில் வீரம் எதுவும் இல்லை. உங்களுக்கு 34 பிடிக்கிறதா 30 பிடிக்கிறதா என்பதை டீஸ்பூன் டீஸ்பூனாக ஊற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும், எனக்கு ஒரு டீஸ்பூனோடு சரி.

அந்தக் குவாயகால் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை. ஐலா என்ற தீவில், மால்ட்டைக் காயவைக்க, மக்கிய சதுப்பு மண்ணை வெட்டி எடுத்துக் காயவைத்து எரிப்பார்கள். அதன் புகை பார்லியில் ஏறிவிடும். லஃப்ராய்க், ஆர்ட்பெக், லகவூலின் எல்லாம் அந்தத் தீவு. திறந்ததும் டிஞ்சர், கட்டுத்துணி, கடலோரத்தில் யாரோ கருவாட்டுக்குப் பக்கத்தில் மூட்டம் போட்ட மாதிரி ஒரு புகை. எனக்கு உயிர். ஆனால் முதல் பாட்டிலாக அதை வாங்கிவிட்டு, "ஆஸ்பத்திரி தரை கழுவுற தண்ணி" என்று சொல்லி என்னிடமே தள்ளிவிட்டுப் போன நண்பர் ஒருவர் உண்டு. பத்து பாட்டில் கழித்துப் போகலாம் அந்தப் பக்கம்.

மிச்சத்தை நிமிர்த்தி வையுங்கள், ஒயின் மாதிரி படுக்கப் போட்டால் கார்க் ஊறிப் போகும். வெயில் படாத அலமாரி. பாதிக்குக் கீழே போனதும் சில மாதங்களில் முடித்துவிடுவது நல்லது, உள்ளே காற்று கூடக் கூட வாசனை மங்கும்.

அன்றைக்கு மச்சினன் ஒரே ஒரு ஸ்மாலை முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வேண்டுமா என்று கேட்டதற்கு, "அந்த சோடா கதைய மட்டும் அக்காகிட்ட சொல்லிராதீங்க மாமா" என்றான். கிளாஸ்களை மாடியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டோம்.

காலையில் என் மனைவி துணி உலர்த்தப் போனவள் இரண்டு கிளாசையும் எடுத்து வந்தாள். அவளுக்கு இந்த வாடையே ஆகாது, பிராந்தி குடித்த கிளாஸ் என்றால் நுனிவிரலில் பிடித்துத் தொட்டியில் போடுகிறவள். இதை மட்டும் கழுவாமல் சமையலறை வாசலில் நின்று இரண்டு தடவை முகர்ந்து பார்த்தாள். காய்ந்துபோன கிளாசில் ஆல்கஹால் போய்விட்டிருக்கும், மரமும் தானியமும் பழமும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"என்னடா இது, ஊர்ல தாத்தா வீட்டுல வைக்கோல்ல மாங்கா பழுக்கப் போட்ட ரூமு மாதிரி இருக்கு" என்றாள் தம்பியிடம்.

அவன் கிளாசை வாங்கி முகர்ந்தான். நானும் வாங்கினேன்.